கில் என்ற ஒரு வினைச்சொல்

1. முதல் நாள்

அறுபதுகளின் கடைசியில் கல்கத்தாவில் ஓர் ஆங்கில நாளிதழில் சப்-எடிட்டராகச் சேர்ந்தேன். நிருபர் எழுதிக் கொண்டுவருவதைத் திருத்தி, சுருக்கி, தலைப்புப் போட்டு அச்சுக்கு அனுப்புவது சப்பின் வேலை. அவர் பெயர் பத்திரிகையில் ஒருநாளும் வராது. பிழை வந்தால் மட்டும் அவரைத் தேடுவார்கள்.

எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு ஒரு சணல் கம்பெனியில் கணக்கு வேலை. லேக் கார்டன்ஸில் வாடகைக்கு இருந்தோம். நான் ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்திருந்தேன். ஆங்கிலச் சொற்களைப் பற்றி எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்போடுதான் டெஸ்க்கில் போய் உட்கார்ந்தேன்.

முதல் நாள் என்னிடம் வந்த காப்பி, அதாவது நிருபரின் பிரதி, சியால்தா பக்கத்தில் ஒரு மீன் வியாபாரியைக் கத்தியால் குத்திக் கொன்ற செய்தி. நான் ‘மர்டர்ட்’ என்று தலைப்புப் போட்டுக் கொடுத்தேன். சீஃப் சப் பிமல்-தா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் வங்காளமும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவார். நான் தமிழில் தருகிறேன்.

“மர்டர்னு யார் சொன்னது?”

“கத்தியால குத்தியிருக்காங்க, சார்.”

“சார் வேண்டாம். இங்க எல்லாரும் ‘தா’தான், அண்ணன்தான். குத்தினது சரி. அது மர்டரா இல்லையான்னு ஜட்ஜ் சொல்லணும். அவர் சொல்றதுக்கு வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் நமக்கு அது கில்ட்.”

“ரெண்டும் ஒண்ணுதானே, பிமல்-தா?”

“பஸ் கில் பண்ணும். மின்னல் கில் பண்ணும். காலரா கில் பண்ணும். மர்டர் பண்றதுக்கு ஒரு மனுஷனும் அவன் மனசுல ஒரு எண்ணமும் வேணும். அவன் மனசுக்குள்ள போய்ப் பார்த்துட்டு வந்தியா நீ?”

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஒரு காகிதப் பொட்டலத்திலிருந்து பொரியை எடுத்து மெல்லத் தொடங்கினார். வயிற்றுப்புண்காரர். சாந்த்ராகாச்சியிலிருந்து தினம் ரயிலில் வருவார். வீட்டில் வயதான அம்மா மட்டும். அலுவலகத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

2. இயந்திரம் அடித்த கில்

இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ, ஏஜென்சிச் செய்திகளை அடித்துத் தள்ளும் டெலிபிரிண்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று மணி அடித்தது. சுருளில் ‘கில் கில் கில்’ என்று பெரிய எழுத்துகளில் அடித்துக்கொண்டு வந்தது. எங்கோ பெரிய படுகொலை என்று நினைத்துச் சுருளைக் கிழித்துக்கொண்டு பிமல்-தாவிடம் ஓடினேன்.

விஷயம் வேறு. ஒரு மூத்த அரசியல்வாதி ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார் என்று சற்றுமுன் ஏஜென்சி செய்தி அனுப்பியிருந்தது. அவர் சாகவில்லை. அந்தச் செய்தியை ரத்து செய்யுங்கள் என்பதற்குத்தான் அந்தக் கில். தயாராக இருந்த இரங்கல் பத்தியை அச்சுக்கோக்கும் அறையின் ஃபோர்மன் நிதாய்-பாபு முனகிக்கொண்டே பிரித்தார். அச்சுக்குப் போகாமல் நிறுத்தப்படும் எதையும் எங்கள் தொழிலில் கில் என்றுதான் சொல்வோம். செய்தியை, படத்தை, ஒரு வரியை, சில நாள் ஒரு முழுப் பக்கத்தையே. நீல பென்சிலால் புரூஃப் தாளின் குறுக்கே அந்தச் சொல்லை எழுதிவிட்டால் ஈயம் உருக்கும் பானைக்குப் போய்விடும்.

அன்றைக்கு அந்தச் சொல்லால் ஒரு மனிதர் உயிர் பிழைத்தார் என்று வீட்டில் வேடிக்கையாகச் சொன்னேன். அப்படி வேடிக்கையாகச் சொல்ல முடிந்த கடைசிக் காலம் அது.

3. பிரிக்காமல் வைத்த தலைப்பு

அடுத்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று அப்போது கல்கத்தாவில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுவரெல்லாம் கறுப்புத் தாரில் வாசகங்கள். ஆயுதப் புரட்சி என்று கல்லூரிப் பையன்கள் வீட்டைவிட்டுப் போனார்கள். டிராஃபிக் போலீஸ்காரர், பள்ளி ஆசிரியர், கடைக்காரர், எதிர்க்கட்சித் தொண்டர் என்று யாராவது தினமும் தெருவில் விழுந்தார்கள். இன்னொரு பக்கம், காலையில் ஏரிக்கரையிலும் மைதானத்தின் ஓரத்திலும் பையன்களின் உடல்கள் கிடந்தன. போலீஸ் அறிக்கை அவற்றை ‘என்கவுன்டர்’ என்றது. பையன்கள் சுட்டார்கள், போலீஸ் திருப்பிச் சுட்டது என்று பொருள். சுட்ட பையன்களில் ஒருவனாவது காயத்தோடு பிடிபட்டதாக நான் ஒரு அறிக்கையிலும் படித்ததில்லை.

இதையெல்லாம் எழுதுவதற்கு எங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு கைப்பிடி வினைச்சொற்கள்தான் இருந்தன. ‘கில்ட்’ ஆறெழுத்து, ஆனால் நடுவில் வரும் எழுத்துகள் ஒல்லி, ஒற்றைப் பத்தியில் அடங்கும். ‘ஸ்லெய்ன்’ ஐந்தெழுத்து, பேச்சில் யாரும் சொல்வதில்லை, தலைப்புக்கென்றே வைத்திருந்த சொல். ‘ஷாட் டெட்’ என்றால் துப்பாக்கி உறுதியாகத் தெரிய வேண்டும். ‘ஃபவுண்ட் டெட்’ என்றால் நமக்கு ஒன்றுமே தெரியாது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து செத்தால் ‘சக்கம்ப்ட்’. எந்தச் சொல் இடத்தில் அடங்குமோ அந்தச் சொல்லால் அந்த மனிதன் செத்தான்.

ஒருநாள் மாலை டாக் எடிஷனுக்காக, அதாவது வெளியூர்ப் பதிப்புக்காக, கம்போசிங் அறைக்குப் போனேன். பக்கம் கோக்கும் கல்மேஜையின் ஓரத்தில், நூலால் கட்டிய ஒரு தலைப்பு இருந்தது. ‘நகரில் இத்தனை பேர் கில்ட்’ என்று வரும் தலைப்பு. எண் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வெற்றுக் கட்டையை வைத்திருந்தார் நிதாய்-பாபு.

“இது நேத்திக்கு வந்த தலைப்பாச்சே?” என்றேன்.

“தினம் பிரிச்சுத் தினம் கோக்கணுமா? எண்ணை மட்டும் மாத்தினாப் போதும்” என்றார். நல்ல மனிதர்தான். அவருடைய தெருவிலேயே இரண்டு உயிர் போயிருந்தது. அவருக்கு நேரம் மிச்சமாயிற்று. எனக்கும் அதில் பெரிய தப்பு ஒன்றும் படவில்லை என்பதுதான் இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

4. பழகிப்போன கை

கரியாஹாட் சந்திப்பில் ஒரு டிராஃபிக் கான்ஸ்டபிளை மாலை நெரிசலில் குத்திக் கொன்றார்கள். அவர் பீகார்க்காரர். மறுநாள் அவருடைய அண்ணன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஹௌராவில் சுமை தூக்குபவர். பத்திரிகையில் வந்த தம்பியின் படம் வேண்டும் என்றார். படத்தை எடுத்துக் கொடுத்தேன். செய்தியையும் வாசித்துச் சொல்லச் சொன்னார். ஹிந்தியில் சொன்னேன்.

கேட்டுவிட்டு, “யாருன்னு தெரியுமா பாபு?” என்றார்.

“தெரியாது.”

“தம்பி யாரையும் ஒண்ணும் பண்ணல. கையக் காட்டி வண்டிய நிறுத்துவான். அவ்வளவுதான்.”

அவர் படத்தை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். நான் அடுத்த காப்பியை எடுத்தேன்.

அந்த வாரம்தான் சேகரிடம் சண்டை போட்டேன். சேகர் எங்கள் எதிர்வீட்டு ராமசேஷன் மாமாவின் ஒரே பிள்ளை. மாமா ஒரு வங்கியில் அதிகாரி. போட்ட கோட்டைத் தாண்டாதவர். கோமதி மாமி கல்கத்தாவிலேயே பிறந்து பள்ளியிறுதிவரை படித்தவர். சேகர் தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுவான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு இயற்பியல். வகுப்புக்குப் போவதை நிறுத்திச் சில மாதம் ஆகியிருந்தது. ராத்திரி வீட்டுக்கு வருவதும் குறைந்திருந்தது. அன்றைக்குப் பகலில் வந்து குளித்துவிட்டுக் கிளம்பியவனைப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டேன்.

“கரியாஹாட்ல அந்தக் கான்ஸ்டபிளைக் கொன்னேளே, அவன் அண்ணா எங்க ஆபீசுக்கு வந்திருந்தான் தெரியுமா?”

“நான் எங்கயும் போகலை, சுந்தர்-தா.”

“உன் கட்சிக்காரா போனாளோல்லியோ?”

“அது கில் இல்லை. அனைஹிலேஷன். ஒரு ஆளைக் கொல்றது இல்லை, ஒரு அமைப்பைத் துடைக்கிறது.”

“செத்தது அமைப்பாடா? அவனுக்குப் பேர் இருக்கு, ஊர் இருக்கு, அண்ணா இருக்கான்.”

அவன் முகத்தில் திமிர் இருந்திருந்தால் எனக்குக் கோபமாவது மிஞ்சியிருக்கும். இல்லை. தூங்காத முகம். “அம்மாகிட்ட நான் நன்னா சாப்பிடறேன்னு சொல்லுங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

5. நான்கு பெயர்கள்

மழைக்காலம். நான் மதியம் ஷிஃப்டுக்குப் போய் உட்கார்ந்த சற்று நேரத்தில் போலீஸ் அறிக்கை வந்தது. தெற்குப் புறநகரில் தீவிரவாதிகளுடன் மோதல், நால்வர் பலி. கீழே நான்கு பெயர்களும் முகவரிகளும். மூன்றாவது பெயர் சேகர்.

நான் தாளைப் பிடித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்துப் பிமல்-தா எழுந்து வந்தார்.

“யாரு?”

“எதிர்வீட்டுப் பையன்.”

அவர் தாளை என் கையிலிருந்து எடுத்தார். “கிளம்பு. அவங்க பேப்பரைப் பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. போய்ச் சொல்லிட்டு வா.”

வங்கிக்கு ஃபோன் செய்து, மாமாவை உடனே வீட்டுக்கு வரச்சொன்னேன். காரணம் கேட்டார். வந்து சொல்கிறேன் என்றேன். உடனே ஃபோனை வைத்துவிட்டார். தெரிந்திருக்கும்.

டாக்ஸியில் போனேன். தெருவில் தண்ணீர் தேங்கி, கடைசிப் பகுதியை முழங்கால் தண்ணீரில் நடந்தேன். மாமாவும் சற்றுப் பின்னாலேயே வந்துவிட்டார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது நினைவில்லை. மாமி அழவில்லை. ஈரத்துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தவர், மீதித் துணியையும் போட்டு முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மாமாதான் முதலில் பேசினார். “பேப்பர்ல வருமா?”

“வரும், மாமா.”

“என்னன்னு போடுவேள்?”

“போலீஸோட நடந்த என்கவுன்டர்ல கில்ட்னு.”

“அப்படிப் போடாதே, சுந்தரம். டைட்னு போடு. செத்துட்டான்னு போடு. உனக்குக் கோடிப் புண்யம்.”

“ஏன் மாமா?”

“பாடி அவா கையில இருக்கு. பேப்பர்ல பெரிசா ஏதாவது வந்துடுத்துன்னா கொடுக்க மாட்டா. ராத்திரியோட ராத்திரியா அவாளே எரிச்சுட்டாளாம், போன மாசம், டாலிகஞ்ச்ல ஒருத்தர் பிள்ளையை. அப்பாகிட்ட சாம்பலைக்கூடக் காட்டலை. எனக்குக் கேஸும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். பாடி வந்தாப் போறும்.”

மாமி அப்போதுதான் வாயைத் திறந்தார். “செத்துட்டான்னு எப்படிப் போடறது? ஜுரமா வந்தது அவனுக்கு?”

“நீ சும்மா இரு, கோமதி.”

“இருபது வருஷமா சும்மாத்தான் இருக்கேன். சுந்தரம், செத்துட்டான்னு போடாதே. கொன்னுட்டான்னு போடு.”

இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பிள்ளையின் உடலைக் கேட்டார், இன்னொருவர் உண்மையைக் கேட்டார். எதையும் தருகிற இடத்தில் நான் இல்லை. சம்பளத்துக்குத் தலைப்பு எழுதுகிறவன்.

திரும்பி வந்து பிமல்-தாவிடம் இரண்டையும் சொன்னேன். அவர் பொரிப் பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தார்.

“ஹோல்டு பண்ணு, நிறுத்தி வை” என்றார். “இன்னைக்குப் பேர் இல்லாம நாலு வரி போட்டுக்கலாம். பாடி வரட்டும். அதுக்கப்புறம் அப்பா என்ன சொல்றாரோ, பார்த்துக்கலாம்.”

அன்று இரவு அச்சான பத்திரிகையில் நால்வர் என்ற எண்ணோடு நாலு வரி வந்தது. நிதாய்-பாபு ஓரத்தில் கட்டி வைத்திருந்த தலைப்பை எடுக்கப் போனார். பிமல்-தா வேண்டாம் என்று கையைக் காட்டி, புதிதாகக் கோக்கச் சொன்னார்.

6. மணிக்கட்டு

உடலை மறுநாள் பிற்பகல் கொடுத்தார்கள். பிணவறை வாசலில் மாமாவோடு நானும் இருந்தேன். சத்தம் போடாமல், கூட்டம் சேர்க்காமல் நேரே சுடுகாட்டுக்குப் போக வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஒரு ஜீப் பின்னாலேயே வந்தது. மாமியை வரவிடவில்லை. சடங்கென்று ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. மாமா துணியை விலக்கி, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வாங்கி, பிள்ளையின் முகத்தையும் கைகளையும் தானே துடைத்தார். ஒரு இடத்தில் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மதியம் மாமா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வங்கிக்குப் போகிற அதே கோட்டு, அதே டை. பிமல்-தா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். மாமா உட்காரவில்லை. என்னைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்.

“சுந்தரம், நான் அன்னிக்கு டைட்னு போடச் சொன்னேன். வேண்டாம். கில்ட்னு போடு.”

“மாமா...”

“ரெண்டு மணிக்கட்டுலயும் கயத்துத் தடம் இருந்தது. துடைச்சுப் பார்த்தேன். அழுக்கு இல்லை, தடம். கையைக் கட்டிப் போட்டிருந்தா எப்படிடா சுடுவான்? என்கவுன்டர்னு எழுதியிருக்காளே, ரெண்டு பேர் எதிர்எதிரா நின்னாத்தானே அது?”

நான் பிமல்-தாவுக்கு வங்காளத்தில் சொன்னேன். அவர் மாமாவிடம் ஆங்கிலத்தில் கேட்டார். “உங்கள் பெயரைப் போடலாமா? தகப்பனார் சொல்கிறார் என்றுதான் எழுத முடியும். நான் பார்க்கவில்லை, இவன் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்கள்.”

“போடுங்கள். வங்கியின் பெயரை மட்டும் போடாதீர்கள்.”

பிமல்-தா தானே எழுதினார். வழக்கமாக அவர் எழுதுவதில்லை, திருத்துவார். ஆறேழு வாக்கியம். போலீஸ் என்ன சொல்கிறது, தகப்பனார் என்ன சொல்கிறார், மணிக்கட்டில் எதைப் பார்த்தார். ‘மர்டர்’ என்ற சொல் எங்கும் இல்லை. ஒரு பெயரடைகூட இல்லை. மாமா அதை நின்றபடியே இரண்டுமுறை படித்துவிட்டு, வங்கித் தாளில் போடுவதைப் போல ஓரத்தில் முதலெழுத்துக் கையொப்பம் போட்டார். அப்படிப் போட வேண்டியதில்லை என்று நாங்கள் சொல்லவில்லை.

மாலையில் புரூஃப் மேலே நியூஸ் எடிட்டர் அறைக்குப் போயிற்று. திரும்பி வந்தபோது அதன் குறுக்கே நீல பென்சிலால் ஒரே சொல். கில்.

பிமல்-தா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு படியேறிப் போனார். கதவு மூடியிருந்தது. எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்று தெரியவில்லை. திரும்பி வந்து கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார்.

“என்ன சொன்னார், பிமல்-தா?”

“அவருக்கும் வருத்தம்தான். அவருக்கு மேல ஒருத்தருக்கு ஃபோன் வந்ததாம்.”

“இப்ப என்ன பண்றது?”

“நீ போய் நிதாய்கிட்டச் சொல்லு. அந்த மேட்டரைப் பிரிக்க வேண்டாம், நானே பிரிச்சுக்கறேன்.”

அவர் கம்போசிங் அறைக்குப் போய், கல்மேஜை முன்னால் நின்று, அந்த ஈய வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து உருக்கும் பெட்டியில் போட்டார். நிதாய்-பாபு தள்ளி நின்றார்.

அடுத்த மாதம் பிமல்-தாவை மார்க்கெட் பக்கத்துக்கு மாற்றினார்கள். சணல் விலை, தேயிலை விலை, கப்பல் வரவு. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். பதவியோ சம்பளமோ குறையவில்லை. ஆனால் நியூஸ் டெஸ்க் பக்கம் வருவதை அவரே நிறுத்திக்கொண்டார். மாடிப்படியில் பார்த்தால் அம்மா சௌக்கியமா என்று கேட்பேன். சௌக்கியம் என்பார்.

7. விளம்பரக் கவுண்டர்

செய்தியாக வராததை விளம்பரமாகவாவது போட முடியுமா என்று மாமா யோசித்தார். ஓராண்டு முடிந்தபோது, இரண்டு வரி எழுதிக்கொண்டு எங்கள் விளம்பரப் பிரிவுக்கு வந்தார். என்னையும் கூப்பிட்டார். பெயர், வயது, ‘கில்ட்’ என்ற சொல், தேதி, கீழே அம்மா அப்பா பெயர்.

கவுண்டரில் இருந்தவர், வயதில் பெரியவரை வங்காளத்தில் அழைப்பதுபோல மேஷோமஷாய் என்று அழைத்து, மரியாதையாகவே பேசினார். “இந்தப் பத்தியில ‘பாஸ்ட் அவே’ போடலாம். ‘எக்ஸ்பயர்ட்’ போடலாம். ‘லெஃப்ட் ஃபார் ஹெவன்லி அபோட்’னுகூடச் சிலபேர் போடறாங்க. இந்த வார்த்தை மட்டும் கூடாது, மேஷோமஷாய். மத்தவங்க வருத்தப்படுவாங்க.”

“யார் வருத்தப்படுவார்கள்?” என்று கேட்டார் மாமா.

மாமா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேறு பத்திரிகைகளிலும் இதே பதில்தான். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்தத் தேதி நெருங்கும்போது வருவார். கவுண்டரில் ஆள் மாறியிருப்பார், பதில் மாறியிருக்காது. நடுவில் நெருக்கடி நிலை வந்தது, அப்போதும் வந்தார். “மாமா, இந்த வருஷம் வேண்டாமே” என்றேன். “கேக்கறதுக்கு என்ன?” என்றார். அவருக்கு வங்கியில் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்பதையெல்லாம் இந்த ஒரு கவுண்டருக்கென்று வைத்துக்கொண்டார் போலிருந்தது.

பிறகு டெல்லியிலும் கல்கத்தாவிலும் ஆட்சிகள் மாறின. எங்கள் விளம்பரப் பிரிவுக்குப் புதிய மேலாளர் வந்தார், ஓர் இளம்பெண். மாமா அப்போது ஓய்வு பெற்றிருந்தார். கோட்டு இல்லை, டை இல்லை. அவர் நீட்டிய தாளை அந்தப் பெண் படித்தார். இன்னொருமுறை படித்தார். “ஸ்பெல்லிங் சரியா இருக்கான்னு பாருங்க, மேஷோமஷாய்” என்று ரசீது புத்தகத்தைத் திறந்தார். அவ்வளவுதான். இத்தனை ஆண்டுகளாக மூடியிருந்த கதவு அப்படித் திறந்தது. மாமா தாளை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

8. யார்

மறுநாள் காலை பத்திரிகையை நானே எதிர்வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மாமா அதைத் தான் வாங்காமல், மாமியிடம் கொடு என்று சைகை காட்டினார். மாமிக்கு அப்போது ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது. பத்திரிகையை ஜன்னலோரம் கொண்டுபோய், விரலால் வரியைப் பிடித்துக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தார். பிள்ளையின் பெயரில் விரல் நின்றது. பிறகு அந்தச் சொல்லில் நின்றது.

“வந்துடுத்து, மாமி” என்றேன்.

“வந்திருக்கு.” விரலை எடுக்கவில்லை. “யாருன்னு போடலையே?”

“அது... அது கோர்ட்ல நிரூபணம் ஆகலை, மாமி. யாருன்னு நமக்குத் தெரியாது.”

“தெரியாதுன்னாவது போட்டிருக்கலாமே” என்றார் மாமி. “வெறுமனே கொல்லப்பட்டான்னா, அது என்னவோ முடிஞ்சுபோன மாதிரின்னா இருக்கு.”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. மாமி பத்திரிகையை நான்காக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, “காப்பி சாப்பிட்டுட்டுப் போ” என்று உள்ளே போனார்.

எண்பதுகளில் நான் சீஃப் சப் ஆனேன். டெஸ்க்குக்குப் புதிதாக வந்த பையன்களும் பெண்களும் என்னைத் தொல்லைபிடித்தவன் என்று சொல்லியிருப்பார்கள். கொலைச் செய்தி எதைக் கொண்டுவந்தாலும், கொன்றது யார் என்று யாருக்கும் தெரியாவிட்டால், அது தெரியவில்லை என்று ஒரு வரி எழுதாமல் நான் அனுப்பியதில்லை. தெரியும் என்று யாராவது சொன்னால், சொல்வது யார் என்று எழுதச் சொல்வேன். இடம் வீணாகிறது என்று மேலே இருந்து பலமுறை குறிப்பு வந்தது. அந்த வரியை வெட்டிவிட்டு அச்சிட்ட நாள்களும் உண்டு. மறுநாள் திரும்பவும் எழுதச் சொன்னேன்.

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். அந்த வினைச்சொல்லுக்கு எத்தனை மாற்றுச் சொல் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது பெரிய வித்தை அல்ல. அதை எழுதும்போது கேள்வியையும் சேர்த்து எழுத வேண்டும். சேகரைக் கொன்றது யார் என்று இன்றுவரை தெரியாது.